ஏஜென்ட் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் அல்ல: செயற்கை நுண்ணறிவு முதற்பாடத்துக்கு வருகிறவர்களுக்கு

செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடம் தொடங்கி இரண்டு கிழமை போனதும் ஒவ்வொரு அணியிலும் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: "அண்ணா, இதிலே சாட்ஜிபிடி எப்ப வரும்?" கடைசிக் கிழமைகளில் கொஞ்சம் வரும், நேரம் போதாவிட்டால் அதுவும் வராது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். விரிவுரையாளர் பலகையில் வட்டங்களும் கோடுகளும் கீறி, இந்தச் சந்தியிலிருந்து அந்தச் சந்திக்கு எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டிருப்பார். இதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டு உயர்தரம் எழுதினோம் என்று எனக்கும் அந்த நாளில் தோன்றியதுதான்.

நான் உயர்தரம்வரை தமிழில் படித்தவன். இந்தப் பாடத்தின் முதல் ஒப்படையில் நூற்றுக்கு 35 வாங்கியவன். இப்போது செயல்முறை வகுப்புகளில் தம்பிமார் தங்கச்சிமார் பக்கத்தில் நின்று பிழை பார்க்கிறேன். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்கள், வவுனியாவில் படிப்பவர்கள், வேலையோடு வெளிவாரிப் பட்டம் செய்பவர்கள் என்று யாராக இருந்தாலும் இந்தப் பாடத்தின் எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன பாடம்?

1950 இல் அலன் ரியூரிங், இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்ற கேள்வியோடு ஒரு கட்டுரை எழுதினார். 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் மக்கார்த்தி முதலியோர் கூடிய பட்டறையோடுதான் இந்தத் துறைக்குச் செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் நிலைத்தது. அன்றிலிருந்து 2010 வரை நடந்த வேலைதான் அறிமுகப் பாடத்தின் பெரும்பகுதி. ஒரு நிலைமையைக் கணினிக்கு எப்படி எழுதிக் காட்டுவது, அடுத்து என்ன செய்வது என்று அது எப்படித் தீர்மானிப்பது, இவ்வளவுதான். தேடல், விளையாட்டு, கட்டுப்பாடுகள், தர்க்கம், நிகழ்தகவு, கற்றல் என்ற வரிசையில் பெரும்பாலும் போகும்.

பாடநூல் எது என்று கேட்டால் ரசலும் நோர்விக்கும் எழுதிய தடித்த புத்தகத்தைக் காட்டுவார்கள். முதற்பதிப்பு 1995, நான்காம் பதிப்பு 2020. ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டாம், நூலகத்தில் எடுங்கள். முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கியவர்கள் கனபேர் இரண்டாம் அதிகாரத்தோடு நின்றுவிட்டார்கள். தேடல் பற்றிய மூன்றாம் அதிகாரத்தை இரண்டு தடவை வடிவாக வாசியுங்கள். மற்றவற்றை விரிவுரைக்குப் பிறகு அந்தந்தப் பகுதியாகப் பார்த்தால் போதும்.

பாடம் தொடங்க முன் இரண்டு கிழமை

பைதன் என்ற நிரல்மொழி தெரியாவிட்டால் இந்த இரண்டு கிழமையும் அதற்கே. முழுவதும் படிக்கத் தேவையில்லை. பட்டியல் (லிஸ்ட்), அகராதி (டிக்ஷனரி), கணம் (செட்), சார்பு எழுதுவது, வகுப்பு ஒன்றை எழுதுவது, இவ்வளவும் கைக்கு வந்தால் சரி. அகராதியும் கணமும்தான் முக்கியம். போன இடத்துக்கே திரும்பப் போகாமல் இருக்க அவை வேண்டும்.

கணிதத்தில் பயப்பட ஒன்றுமில்லை. இணைந்த கணிதத்தில் தப்பிப் பிழைத்தவர்களுக்கு இது தாராளம். நிபந்தனை நிகழ்தகவை மட்டும் மீண்டும் ஒருமுறை தூசி தட்டுங்கள். காவிகளும் தாயங்களும் வகையீடும் கடைசிப் பகுதியில் நரம்பு வலையமைப்பு வரும்போதுதான் தேவைப்படும்.

கணினி பற்றிய கவலையையும் விடுங்கள். "கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப்பில் இந்தப் பாடம் செய்யலாமா" என்று கேட்டு, வீட்டில் கடன்பட்டுப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பாடத்தின் மூன்றில் இரண்டு பங்கு எந்தப் பழைய இயந்திரத்திலும் ஓடும். கற்றல் பகுதிக்கு மட்டும் இணையத்திலேயே நிரலை ஓட்டவிடும் கூகுள் கோலாப் போதும். ஆனால் கோலாப்பில் இணைப்பு அறுந்து அமர்வு முடிந்தால் அதில் வைத்த கோப்புகள் போய்விடும். டேட்டா முடிந்த இரவொன்றில் இதைக் கற்றுக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு அரைமணிக்கும் டிரைவில் சேமியுங்கள்.

சொற்களுக்கு ஒரு கொப்பி

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் படித்து வந்தவர்களுக்கு முதல் மாதம் காதில் ஏறுவதே பாதிதான். இதற்கு நான் கண்ட மருந்து ஒன்று. ஒரு கொப்பியை நடுவே கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரி விளக்கம். கலைச்சொல் அகராதியைப் பார்த்து எழுதாதீர்கள். அது இன்னொரு விளங்காத சொல்லைத்தான் தரும்.

ஏஜென்ட் என்ற சொல்லை எடுங்கள். எங்கள் ஊரில் ஏஜென்ட் என்றால் கனடாவுக்கோ பிரான்சுக்கோ ஆள் அனுப்புகிறவர். என்னுடைய கொப்பியில், "சுற்றிவர இருப்பதைப் பார்த்து, தானாக ஒன்றைச் செய்வது, ஆளாகவும் இருக்கலாம், நிரலாகவும் இருக்கலாம்" என்று எழுதி வைத்தேன். ஸ்டேட் என்பதற்கு "இந்த நேரத்து நிலைமை, அடுத்ததைத் தீர்மானிக்கத் தேவையான அளவு மட்டும்" என்று எழுதினேன். அந்த வரியின் பிற்பாதிதான் முக்கியம் என்பது பிறகு விளங்கியது. பஸ்ஸில் சுன்னாகம் போகிறவருக்கு எந்தச் சந்தியில் நிற்கிறார் என்பது நிலைமை. சாரதி என்ன பாட்டுப் போட்டிருக்கிறார் என்பது நிலைமை அல்ல. இந்த வித்தியாசத்தைப் பிடித்தவர்களுக்குப் பாடத்தின் பாதி முடிந்த மாதிரி.

தேடல்: இங்கேதான் மினக்கெட வேண்டும்

தேடல் பகுதியில் நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பரீட்சையில் திரும்பக் கிடைக்கும். ஆகவே மெதுவாகப் போவோம்.

எந்தத் தேடலிலும் இரண்டு பட்டியல்கள்தான். இனிப் பார்க்க வேண்டியவை ஒன்று, பார்த்து முடிந்தவை மற்றது. இனிப் பார்க்க வேண்டியவற்றில் எதை முதலில் எடுக்கிறீர்கள் என்பதில்தான் வழிமுறைகள் வேறுபடுகின்றன. முதலில் வந்ததை முதலில் எடுத்தால் அகலவாரித் தேடல், கடைசியில் வந்ததை எடுத்தால் ஆழவாரித் தேடல், இதுவரை ஆன செலவு குறைந்ததை எடுத்தால் சீர்செலவுத் தேடல்.

இனி நான் 35 வாங்கிய கதை. கணக்குக்காகச் சில நிமிடங்களை வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து கொக்குவிலுக்கு 3 நிமிடம், கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதி நெரிசலில் சுன்னாகத்துக்கு 12. திருநெல்வேலியிலிருந்து பலாலி வீதியால் உரும்பிராய்க்கு 6, அங்கிருந்து உள்வீதிகளால் சுன்னாகத்துக்கு 5. எது கெதியான வழி? கண்ணால் பார்த்தாலே தெரியும், உரும்பிராய் வழி, 11 நிமிடம்.

சீர்செலவுத் தேடலை இதில் கையால் ஓட்டுங்கள். திருநெல்வேலியை விரித்தால், அதாவது அங்கிருந்து நேரே போகக்கூடிய சந்திகளைப் பட்டியலில் சேர்த்தால், கையில் இருப்பது கொக்குவில் 3, உரும்பிராய் 6. குறைந்தது கொக்குவில். அதை விரித்தால் சுன்னாகம் 15 என்று வரும். என் நிரல் இங்கே, "சுன்னாகம் வந்துவிட்டது, வேலை முடிந்தது" என்று நின்றது. 15 நிமிட வழியைக் கெதியான வழி என்று அச்சடித்தது. சரியான முறை என்னவென்றால், சுன்னாகத்தைக் கண்டவுடன் நிற்கக்கூடாது. பட்டியலிலிருந்து அதை எடுக்கும்போதுதான் நிற்க வேண்டும். 15 ஐப் பட்டியலில் போட்டுவிட்டு, அடுத்துக் குறைந்ததான உரும்பிராய் 6 ஐ எடுங்கள். அதை விரித்தால் சுன்னாகம் 11. இப்போது பட்டியலில் குறைந்தது 11. அதை எடுக்கும்போது இலக்குத்தான் என்று தெரிகிறது, நின்றுவிடலாம்.

ஒரே ஒரு வரி இடம் மாறியதில் போன புள்ளிகள். நிரலை நான் நாலு மணித்தியாலம் பார்த்தும் பிழை தெரியவில்லை. பிறகு ஒரு அண்ணா பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் வைத்து, கடதாசியில் இதை எழுதிக் காட்டச் சொன்னார். மூன்றாவது வரியில் பிழை தானாகப் பல்லைக் காட்டியது. அன்றிலிருந்து நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: நிரல் எழுத முன் நாலைந்து சந்திகள் உள்ள சிறிய படத்தில் கையால் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பட்டியல்களையும் முழுதாக எழுதுங்கள். "இது தெரியும்தானே" என்று தாண்டிய வரியில்தான் பிழை குந்தியிருக்கும்.

அடுத்தது ஏ-ஸ்டார். 1968 இல் ஹார்ட், நில்சன், ரபேல் என்ற மூவர் வெளியிட்டது. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்களைக் கூட்டுகிறோம். இதுவரை ஆன செலவு, இனி ஆகக்கூடும் என்று ஊகிக்கும் செலவு. இந்த ஊகத்தைத்தான் ஹியூரிஸ்டிக் என்பார்கள். வழக்கமான ஊகம், நேர்கோட்டுத் தூரம். காகம் பறக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊகம் எப்போதும் உண்மைச் செலவைவிடக் கூடக்கூடாது என்பது விதி. ஏன்? மேலே உள்ள கணக்கிலேயே பாருங்கள். கொக்குவிலிலிருந்து மிச்சம் 7 என்று ஊகித்தால் அதன் கூட்டுத்தொகை 10. உரும்பிராயிலிருந்து உண்மையில் 5 தான், ஆனால் நீங்கள் 14 என்று ஊகித்துவிட்டீர்கள், கூட்டுத்தொகை 20. கொக்குவில் விரிகிறது, சுன்னாகம் 15 உள்ளே வருகிறது. 15 க்கும் 20 க்கும் இடையில் 15 தான் குறைவு. எடுத்தாயிற்று, நின்றாயிற்று, விடை பிழை. நல்ல வழியைப் பயமுறுத்தி ஒதுக்கிவிட்டது அந்த ஊகம். மாறாக, ஊகம் குறைவாக இருந்தால் விடை பிழையாகாது, கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டிவரும். அவ்வளவுதான்.

அந்த அலைச்சல் எப்படி இருக்கும் என்று பார்க்க எங்கள் ஊரைவிட நல்ல உதாரணம் கிடையாது. காரைநகரில் நின்று ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய கடல்தான். இக்கரையில் நின்றால் அக்கரை தெரியும். பாதை ஓடுகிற நாளில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. பாதை என்றால் வீதி என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். எங்களுக்கு அது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. பாதை ஓடாத நாளில் என்ன செய்வது? பொன்னாலைப் பாலத்தால் வெளியேறி, வட்டுக்கோட்டை தாண்டி, யாழ்ப்பாணம் நகருக்கு வந்து, பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் திரும்பி, முழு வட்டம் அடிக்க வேண்டும். காகத்தின் கணக்கில் காரைநகரின் ஒவ்வொரு ஒழுங்கையும் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஏ-ஸ்டார் காரைநகர் முழுவதையும் தடவிப் பார்த்து, மூளாய் சுழிபுரம் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மனமில்லாமல் நகரப் பக்கம் திரும்பும். கடைசியில் சரியான வழியைத் தரும், ஆனால் ஊகம் உதவவில்லை. இந்தப் படத்தைக் கொப்பியில் கீறி ஒருமுறை ஓட்டினால், ஹியூரிஸ்டிக் பற்றி யாரும் உங்களுக்கு இனி விளக்கத் தேவையில்லை.

நிரல் எழுதும்போது இரண்டு பொறிகள். பைதன் பட்டியலின் முன்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தால் மிச்சம் எல்லாம் ஒவ்வொரு இடம் நகர வேண்டும். பெரிய தேடலில் ஆமை வேகம். அதற்கு, இரண்டு முனையிலும் கெதியாக எடுக்கக்கூடிய டெக் என்ற கட்டமைப்பைப் பாவியுங்கள். அடுத்தது, ஆகக்குறைந்ததை முதலில் எடுத்துத் தரும் ஹீப்கியூவில் இரண்டு செலவுகள் சமமாக வந்தால் பைதன் அடுத்த உறுப்பை ஒப்பிடப் பார்க்கும். அது நீங்கள் எழுதிய வகுப்பின் பொருளாக இருந்தால் பிழைச்செய்தி வரும். செலவுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடிப்போகும் ஓர் எண்ணையும் சேர்த்து வைத்தால் தீர்ந்தது.

விளையாட்டு

புள்ளடியும் வட்டமும் விளையாடாமல் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கம் யாருக்கும் முடிந்ததில்லை. ஒன்பது கட்டங்களையும் நிரப்பும் வரிசைகள் 362,880 தான். கணினிக்கு அது ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் பார்த்துவிடும். மினிமாக்ஸ் வழிமுறை என்பது இதுதான்: என் முறை வந்தால் எனக்கு ஆகக்கூடிய பெறுமதியை எடுப்பேன், எதிரியின் முறை வந்தால் அவன் எனக்கு ஆகக்குறைந்ததைத் தருவான் என்று எடுத்துக்கொள்வேன். எதிரி மொக்கன் என்று நம்பி ஆடுவதற்கு இங்கே இடமில்லை. இரண்டு பக்கமும் பிழைவிடாமல் ஆடினால் ஆட்டம் சமநிலையில் முடியும். உங்கள் நிரல் தோற்றால் எங்கோ குறி மாறிவிட்டது என்று அர்த்தம்.

சதுரங்கத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. 1997 இல் உலக சாம்பியன் கஸ்பரோவை வென்ற டீப் புளூ என்ற கணினி செக்கனுக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளைப் பார்த்தது, அதற்கும் முழு ஆட்டம் எட்டாது. அதனால்தான் அல்பா-பீட்டா வெட்டு. பரீட்சையில் தவறாமல் வரும், பயப்படவும் தேவையில்லை. முதற் கிளையில் உங்களுக்கு 3 நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. இரண்டாம் கிளையில் எதிரிக்கு முதலாவதாகக் கிடைக்கும் தெரிவே 2. அப்படியானால் அந்தக் கிளையில் உங்களுக்கு 2 க்கு மேல் கிடைக்கப்போவதில்லை. மிச்சத்தைப் பார்த்து என்ன பலன்? வெட்டிவிடுங்கள். சந்தையில் முதற் கடையில் நல்ல மீன் பார்த்துவிட்டு, அடுத்த கடையில் மேலே கிடக்கிற மீனே கண் சிவந்திருந்தால் கீழே கிளறிப் பார்ப்பீர்களா?

வட மாகாணத்துக்கு வர்ணம் தீட்டுவது

கட்டுப்பாட்டுப் பிரச்சினைகளுக்குப் பாடநூலில் ஆஸ்திரேலிய வரைபடம் இருக்கும். அதை விட்டுவிட்டு எங்கள் ஐந்து மாவட்டங்களை எடுங்கள். எல்லை பகிரும் இரண்டு மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. கையில் சிவப்பு, பச்சை, நீலம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மூன்றும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஆகவே மூன்றுக்கும் மூன்று நிறம்: சிவப்பு, பச்சை, நீலம். வவுனியா முல்லைத்தீவையும் மன்னாரையும் தொடுகிறது, ஆகவே அதற்குச் சிவப்பைத் தவிர வேறு வழியில்லை. யாழ்ப்பாணத்துக்கு நீலம் கொடுத்தால் முடிந்தது. இரண்டே நிறத்தில் முடியாது என்பதும் அந்த மூன்று மாவட்டங்களைப் பார்த்தவுடன் தெரிகிறது.

இப்போது யாழ்ப்பாணத்தில் தொடங்கி மேலிருந்து கீழே தீட்டிப் பாருங்கள், பிறகு அதிகம் தொடுகிற மாவட்டங்களில் ஒன்றான முல்லைத்தீவிலிருந்து தீட்டிப் பாருங்கள். ஐந்து மாவட்டத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நாற்பது பாடங்களுக்குப் பரீட்சை நேரசூசி போடும்போது தெரியும். அதிக இறுக்கமான மாறியை (இங்கே மாவட்டம், அங்கே பாடம்) முதலில் எடு என்ற விதி அங்கேதான் கைகொடுக்கும்.

தர்க்கம் இரண்டு கிழமை ஓடும். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பகுதி பெரிதாக ஒட்டவில்லை, ஆனால் புள்ளி எடுக்க இலகுவான பகுதி. "மழை பெய்தால் வீதி நனையும்" என்ற கூற்று, மழையே பெய்யாத நாளில் உண்மை என்று கொள்ளப்படும் என்பதை மட்டும் மனத்தில் பதியுங்கள். வீதி நனைந்திருப்பதை வைத்து மழை பெய்தது என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் பவுசர் போயிருக்கலாம்.

நிகழ்தகவு: ஆயிரம் பேரை எண்ணுங்கள்

புதிய தகவல் வந்தபின் வாய்ப்பைத் திருத்திக் கணிக்கும் பேய்ஸ் தேற்றத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சை மண்டபத்தில் மேலே எது கீழே எது என்று குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்களாக எண்ணினால் குழப்பம் வராது.

மார்கழி மழைக்குப் பிறகு காய்ச்சல் காலம். கணக்குக்காக, 1000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் உண்டு என்று வைப்போம். பரிசோதனை, நோயுள்ள 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் பத்தில் ஒரு பங்கினரை, அதாவது 99 பேரை, வீணாக நோயாளி என்று சொல்லும். உங்களுக்கு நோய் உண்டு என்று முடிவு வந்திருக்கிறது. உண்மையில் இருக்க எவ்வளவு வாய்ப்பு? முடிவு வந்தவர்கள் மொத்தம் 108 பேர், அவர்களில் நோயுள்ளவர்கள் 9 பேர். பன்னிரண்டில் ஒன்று. "பத்தில் ஒன்பதைப் பிடிக்கிற பரிசோதனை" என்று கேட்டுவிட்டு 90 சதவீதம் என்று சொல்பவர்கள்தான் வகுப்பில் அதிகம். இந்த ஒரு கணக்கை வீட்டில் அம்மாவுக்கு விளக்க முடிந்தால் பேய்ஸ் உங்களுக்கு வந்துவிட்டது.

கற்றல், மாம்பழத்தோடு

1958 இல் பிராங்க் ரோசன்பிளாட், நரம்பு வலையமைப்பின் மூத்த வடிவமான பெர்செப்ட்ரோனைக் கொண்டுவந்தார். 1969 இல் மின்ஸ்கியும் பாபெர்ட்டும் ஓர் அடுக்குப் பெர்செப்ட்ரோனால் சில எளிய விடயங்களைக்கூடச் செய்ய முடியாது என்று காட்டினார்கள். பல அடுக்குகளைப் பழக்கும் பின்பரவல் முறையை 1986 இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் வெளியிட்ட கட்டுரை பரவலாக்கியது. அந்த ஹின்டனுக்கும் ஹொப்ஃபீல்டுக்கும்தான் 2024 இன் பௌதிகவியல் நோபல் பரிசு. உங்கள் சாட்ஜிபிடியின் அடித்தளமான டிரான்ஸ்போமர் 2017 இல் வந்தது. அறிமுகப் பாடம் பெரும்பாலும் 1986 இல் கால் ஊன்றி, 2017 ஐ எட்டிப் பார்த்துவிட்டு முடியும்.

இந்தப் பகுதியில் ஆயத்த நிரல் நூலகத்தைக் கூப்பிட்டு மூன்று வரியில் மாதிரியை (மொடலை)ப் பழக்குவது சுகம். ஆனால் ஒரு நியூரோனின் ஒரு சுற்றையாவது கையால் கணக்குப் போடுங்கள். உள்ளீடு, நிறை, கூட்டல், பிழை, நிறையைத் திருத்துதல். இருபது நிமிட வேலை.

பிறகு, தரவை எப்படிப் பிரிப்பது. கறுத்தக்கொழும்பானையும் வெள்ளைக்கொழும்பானையும் படத்தைப் பார்த்துப் பிரிக்கும் மாதிரி ஒன்று செய்கிறீர்கள் என்று வையுங்கள். கறுத்தக்கொழும்பானை வீட்டில் சுளகில் வைத்துப் படம் எடுத்தீர்கள். மற்றதைச் சந்தையில் சீமெந்துத் தரையில் வைத்து எடுத்தீர்கள். மாதிரி 99 சதவீதம் சரி என்று காட்டும். அது படித்தது மாம்பழத்தை அல்ல, சுளகை. பழக்கும் படங்களையும் சோதிக்கும் படங்களையும் பிரித்து வைத்தாலும் இந்தப் பிழை பிடிபடாது, ஏனென்றால் இரண்டிலும் அதே சுளகுதான். வேறு நாளில், வேறு இடத்தில், வேறு ஆள் எடுத்த படங்களில் சோதியுங்கள். நூறு சதவீதத்துக்குக் கிட்ட விடை வந்தால் சந்தோசப்பட முன் சந்தேகப்படுங்கள்.

ஒப்படையும் சட்பொட்டும்

எல்லோரும் பாவிக்கிறார்கள், ஒளிக்க என்ன இருக்கிறது. உங்கள் துறையின் விதி எவ்வளவுக்கு அனுமதிக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி இருந்தால்கூட, விடையை வாங்காதீர்கள், கேள்வியை வாங்குங்கள். "ஆறு இடங்கள் உள்ள ஒரு வரைபடமும் செலவுகளும் தா, விடை தராதே" என்று கேட்டுவிட்டு நீங்களே ஓட்டுங்கள். சட்பொட்டையே ஓட்டச் சொன்னால் நடுவில் ஒரு சந்தியைப் பட்டியலில் போட மறந்துவிட்டு, அடுத்த வரியில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தொடர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிடிப்பதற்கு உங்களுக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும்.

வாய்மொழிக் கேள்வியும் உண்டு. "இந்த இடத்தில் ஏன் டெக் பாவித்தீர், இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்" என்று கேட்டவுடன், தானாக எழுதியவரும் எழுதுவித்தவரும் பிரிந்துவிடுவார்கள்.

செயற்றிட்டம் சின்னதாக எடுங்கள். "யாழ்ப்பாண விவசாயிகளின் எல்லாப் பிரச்சினைக்கும் தீர்வு" என்று முன்மொழிவு எழுதியவர்கள் கடைசிக் கிழமையில் அழுததைப் பார்த்தவன் நான். பஸ் நேரசூசியை வைத்து, இரண்டு மாறலுக்குள் போகக்கூடிய வழி தேடும் நிரல் போதும். தமிழ் எழுத்துப்பிழை பார்க்கும் சிறிய நிரலும் நல்லது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணம் என்ற சொல்லில் எங்களுக்கு ஆறு எழுத்து. பைதனிடம் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும். யா என்பது அதற்கு ய ஒன்று, கால் ஒன்று. ழ் என்பது ழ ஒன்று, குற்று ஒன்று. இது தெரியாமல் எழுத்தெண்ணிக்கையை வைத்து வேலை தொடங்கினால் எல்லாம் கோணலாகப் போகும். தரவு சேர்க்க நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நாள் பிடிக்கும் என்றும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இலவசமாக எது பார்ப்பது? பேர்க்லி பல்கலைக்கழகம் பக்மான் என்ற பழைய கணினி விளையாட்டை வைத்து அமைத்த செயற்றிட்டங்கள் தேடலுக்கு மிக நல்லவை. நீங்கள் எழுதிய வழிமுறையால் பக்மான் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆறுதலாக விளக்கம் வேண்டுமென்றால் எம்.ஐ.டி.யில் பற்றிக் வின்ஸ்டன் 2010 இல் நடத்திய விரிவுரைகள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து முடியுங்கள். நாலைத் தொடங்கி வைத்தால் நாலும் முடியாது.

பரீட்சைக்கு

கடந்தகால வினாத்தாள்களைத் தேடி எடுங்கள். தேடலை ஓட்டும் வினா ஒன்று, அல்பா-பீட்டா மரம் ஒன்று, பேய்ஸ் கணக்கு ஒன்று, பெரும்பாலும் இந்த மூன்றும் இருக்கும். நேரம் வைத்துச் செய்து பாருங்கள். கையெழுத்தே வேகத்தைக் குறைக்கும்.

மண்டபத்தில் தேடல் வினா வந்தால், செலவு சமமாக வரும்போது எதை முதலில் எடுப்பது என்று வினாவில் எழுதியிருக்கிறதா என முதலில் பாருங்கள். வழக்கமாக அகரவரிசை என்று ஒரு மூலையில் இருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று விடையின் தலையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பிறகு அடிமட்டம் வைத்து மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை: எடுத்தது, இனிப் பார்க்க வேண்டியவை, பார்த்து முடிந்தவை. இலக்கு இரண்டாம் நெடுவரிசையில் தோன்றும்போது கை தானாக நிற்கப் பார்க்கும். முதலாம் நெடுவரிசைக்கு வரும்வரை எழுதிக்கொண்டே போங்கள்.